டிவியில் ஓடிய பாட்டு டிவிடியில் எங்கே போனது?

பொம்மைகள் ஆடிப் பாடும் டிவி நிகழ்ச்சியான 'தி மப்பெட் ஷோ'வின் முதல் சீசன் 2005 ஆகஸ்டில் டிவிடிப் பெட்டியாக வந்தது. சின்ன வயதில் டிவியில் பார்த்த ஞாபகத்தோடு வாங்கிப் போட்டவர்களுக்குச் சில இடங்களில் இடறியது. திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸ் அரக்கப் பொம்மைகளோடு சேர்ந்து பாடிய 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' அதில் இல்லை. ஜிம் நேபர்ஸ் வந்த எபிசோடில் 'கான் வித் த விண்ட்' இல்லை. ஜோயல் க்ரே எபிசோடில் 'ஸ்டார்மி வெதர்' இல்லை. தணிக்கைக்காரர்கள் யாரும் கத்திரி போடவில்லை, மூல டேப்பும் கெட்டுப்போகவில்லை. அந்தப் பாட்டுகளை வீட்டு வீடியோவில் விற்கும் உரிமை மட்டும் கையில் இல்லை.

டிஸ்னி 2004-ல் மப்பெட் பாத்திரங்களை, அவற்றை உருவாக்கிய ஜிம் ஹென்சனின் கம்பெனியிடமிருந்து வாங்கியது. கெர்மிட் தவளையும் மிஸ் பிக்கியும் டிஸ்னியின் சொத்து, நிகழ்ச்சியும் டிஸ்னியின் சொத்து. உள்ளே பாடப்படும் பாட்டு மட்டும் வேறு ஆளுடையது. வீட்டை வாங்கியாயிற்று, கூடத்தில் கிடக்கும் நாற்காலிகள் இரவல் என்பதைப் போன்ற நிலைமை. மப்பெட் ஷோவில் அப்படிப்பட்ட நாற்காலிகள் ஏராளம். 1976 முதல் 1981 வரை லண்டனுக்கு வெளியே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் ஏடிவி என்ற பிரிட்டிஷ் டிவி நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட 120 எபிசோடுகளும் பழைய நாடகக் கொட்டகை பாணியில் அமைந்தவை. திரை விலகும், ஒரு பாட்டு. மறுபடி விலகும், இன்னொரு பாட்டு. அவற்றில் பெரும்பாலானவை பிராட்வே நாடகங்களிலிருந்தும் முப்பதுகளின் பிரபல மெட்டுகளிலிருந்தும் எழுபதுகளின் பாப் இசையிலிருந்தும் எடுத்தவை.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து அடங்கியிருக்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மெட்டும் வரியும் சேர்ந்தது ஒன்று. அது எழுதியவர்களிடமோ, அவர்கள் சார்பாக இசைப் பதிப்பு நிறுவனத்திடமோ இருக்கும். அந்தப் பாட்டை ஒரு பாடகர் ஸ்டுடியோவில் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இரண்டாவது. அது இசைத்தட்டுக் கம்பெனியிடம் இருக்கும். தமிழ் சினிமாப் பாட்டில் இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆடியோ கம்பெனி வசம் இருப்பதால் நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று உறைக்காது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரண்டும் தனித்தனி மேஜை, தனித்தனி பேரம். மெட்டையும் வரியையும் படத்தோடு இணைக்கப் பதிப்பாளரிடம் வாங்குவது சிங்க் லைசென்ஸ். இசைத்தட்டில் இருக்கும் பதிவையே எடுத்துப் பயன்படுத்தினால் அதற்கு மேல் மாஸ்டர் லைசென்ஸும் வேண்டும். மப்பெட் ஷோவில் பாட்டுகளைத் தாங்களே பாடிப் பதிந்துகொண்டதால் இரண்டாவது தலைவலி பெரும்பாலும் கிடையாது. முதலாவதே போதுமான அளவுக்கு இருந்தது.

அன்றைக்கு அந்த சிங்க் லைசென்ஸை வாங்காமலா ஒளிபரப்பினார்கள்? வாங்கினார்கள், டிவிக்கு. மப்பெட் ஷோ பிரிட்டனில் ஓடத் தொடங்கிய 1976 செப்டம்பரில்தான் ஜேவிசி நிறுவனம் ஜப்பானில் விஹெச்எஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியது. பழைய நிகழ்ச்சியைக் கடையில் பெட்டி போட்டு விற்கலாம் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை. இல்லாத சந்தைக்குக் காசு கொடுத்து உரிமை வாங்க எந்தத் தயாரிப்பாளர் முன்வருவார்? டிவிக்கு மட்டும், இத்தனை வருஷத்துக்கு, இன்னின்ன நாடுகளுக்கு என்று எழுதி வாங்கினால் மலிவு. அப்படித்தான் வாங்கினார்கள். இதை அசட்டைத்தனம் என்று இப்போது சொல்வது எளிது. அன்றைய பட்ஜெட்டுக்கு அது சரியான முடிவுதான்.

டிவிக்கு வாங்கிய உரிமம் வீடியோவுக்கும் செல்லுமா என்ற கேள்வி பின்னாளில் கோர்ட்டுக்குப் போனது. 'மீடியம் கூல்' என்ற 1969-ஆம் வருஷப் படத்தில் ஒரு பாட்டு இருந்தது. தியேட்டரிலும் தொலைக்காட்சியிலும் காட்டலாம் என்று உரிமம். பாரமவுண்ட் ஸ்டுடியோ பிறகு அந்தப் படத்தை வீடியோ கேசட்டாக விற்றது, பாட்டின் உரிமையாளர் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் பாரமவுண்ட் ஜெயித்தது. 1988-ல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது. ஒளிபரப்பு நிலையம் அனுப்புவதைப் பார்ப்பதும், கேசட்டை வாங்கி வந்து நினைத்த நேரத்தில் போட்டுப் பார்ப்பதும் ஒன்றல்ல, திரையாக டிவிப் பெட்டி பயன்படுகிறது என்பதற்காக அது தொலைக்காட்சி உரிமம் ஆகிவிடாது, 1969-ல் சந்தையில் இல்லாத ஒன்றை இரு தரப்பும் மனத்தில் வைத்திருக்க முடியாது என்பது அதன் வாதம். அதற்குப் பிறகு ஸ்டுடியோ வக்கீல்கள் பழைய ஒப்பந்தங்களைத் தூசி தட்டி ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

எல்லாத் தீர்ப்பும் ஒரே பக்கம் சாயவில்லை. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி தன் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' இசையை 'ஃபேண்டசியா' படத்துக்காக 1939-ல் டிஸ்னிக்கு 6,000 டாலருக்குக் கொடுத்தார். 1991-ல் அந்தப் படம் வீடியோவாக வந்ததும் பதிப்பாளர் வழக்குத் தொடுத்தார். 1998-ல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தச் சொற்கள் விரிவாக இருந்தால் பின்னால் வந்த தொழில்நுட்பத்தையும் அவை உள்ளடக்கலாம் என்றது. ஆக, பாட்டு தப்புவதும் தப்பாததும் 30, 40 வருஷத்துக்கு முன் யாரோ டைப் செய்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்தது. அந்தக் காகிதமே கிடைக்காமல் போவதும் உண்டு. அப்போது புதிதாகப் பேச வேண்டியதுதான்.

புதிதாகப் பேசுவது என்றால், முதலில் எபிசோடின் க்யூ ஷீட்டை எடுக்க வேண்டும். எந்தப் பாட்டு, எத்தனை வினாடி, யார் எழுதியது, யார் பதிப்பாளர், திரையில் ஒருவர் பாடுகிறாரா அல்லது பின்னணியில் ஒலிக்கிறதா என்று குறித்து வைத்த பட்டியல் அது. எழுபதுகளின் க்யூ ஷீட்டில் இருக்கும் பதிப்பாளர் இன்று அதே பெயரில் இருப்பது அபூர்வம். வேறொருவர் வாங்கியிருப்பார், அவரை இன்னொருவர் வாங்கியிருப்பார். இசையமைப்பாளர் ஒருவர், பாடலாசிரியர் ஒருவர் என்றால் பங்கு பிரிந்து இரண்டு மூன்று நிறுவனங்களிடம் கிடக்கும். இதில் 90 சதவீதப் பங்குக்காரர் சரி என்று சொல்லி, 10 சதவீதக்காரர் முடியாது என்றாலும் பாட்டு போயிற்று.

முடியாது என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. இசைத்தட்டு விஷயத்தில் அப்படியில்லை. ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வெளியாகிவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டுப் பாடிப் பதிந்து விற்கலாம் என்கிறது அமெரிக்கச் சட்டம். 1909-லிருந்து 1977 வரை அந்தத் தொகை பாட்டுக்கு 2 சென்ட். 2005-ல் 8.5 சென்ட். பதிப்பாளர் தடுக்க முடியாது. அசையும் படத்தோடு சேர்த்த மறுகணமே இந்தக் கட்டாய உரிமம் செல்லாது, விலையை அவர் சொல்வதுதான். மப்பெட் ஷோ பாட்டுகளைத் தொகுத்த இசைத்தட்டு 1977-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. தட்டில் ஒரு பாட்டைக் கேட்கச் செய்வது ஒரு கட்டண விஷயம், அதையே பொம்மை வாயசைக்கக் காட்டுவது பேர விஷயம்.

பேரத்தின் கணக்கு எப்படிப் போகும் என்று ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு பிரதிக்கு, ஒரு பாட்டுக்கு 10 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 24 எபிசோட், எபிசோடுக்கு 4 பாட்டு, மொத்தம் 96. ஒவ்வொரு பெட்டிக்கும் 9 டாலர் 60 சென்ட் பாட்டுக்கே போய்விடும். பெட்டி கடையில் 40 டாலர், வெளியிட்டவர் கைக்கு அதில் பாதி வருகிறது என்று கொண்டால், மிச்சமிருக்கும் 10 டாலரில் தட்டு அச்சடிப்பு, டேப்பைச் சுத்தம் செய்யும் செலவு, விளம்பரம், நடிகர் சங்கப் பங்கு எல்லாம் அடங்க வேண்டும். இதற்கு மேல், முதல் சில ஆயிரம் பிரதிக்கான பணத்தை முன்பணமாகவும் கேட்பார்கள், பெட்டி விற்றாலும் விற்காவிட்டாலும்.

எல்லாவற்றையும்விடக் கழுத்தைப் பிடிப்பது சம விகித ஷரத்து. 'மற்ற எந்தப் பதிப்பாளருக்கும் எனக்குத் தருவதைவிட அதிகம் தந்தால் அதே விகிதம் எனக்கும் தர வேண்டும்' என்று ஒவ்வொருவரும் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு பிரபலப் பாட்டுக்கு 10 சென்ட்டுக்குப் பதில் 25 சென்ட் கொடுக்கச் சம்மதித்தால் 96-க்கும் 25 சென்ட் ஆகிவிடும், பெட்டிக்கு 24 டாலர். 'ஒரே ஒரு பாட்டுதானே, கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கியிருக்கலாமே' என்று ரசிகர்கள் அங்கலாய்ப்பது நியாயம்தான். அந்த ஒரு பாட்டின் விலை அதோடு நிற்பதில்லை என்பதுதான் சிக்கல்.

உரிமம் கிடைக்கவில்லை என்றால் எடிட்டர் முன் இரண்டு வழி. பாட்டை மாற்றலாம், அல்லது காட்சியோடு தூக்கலாம். எது முடியும் என்பதைப் பாட்டு காட்சியில் என்ன வேலை செய்கிறது என்பதே தீர்மானிக்கும்.

மப்பெட் ஷோவில் மாற்ற வழியே இல்லை. பாட்டை முன்கூட்டியே பதிந்து, அதை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு அசைக்கும் பொம்மையின் வாய் திறந்து மூடுமாறு கையால் இயக்கி எடுத்தவை அந்தக் காட்சிகள். வேறு பாட்டை மேலே போட்டால் வாய் ஒன்று சொல்லும், காது ஒன்று கேட்கும். ஆகவே முழு உருப்படியையும் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது அதன் ஓரங்களும் பிய்ந்து வரும். கெர்மிட் மேடைக்கு வந்து அடுத்த உருப்படியை அறிவிக்கும் துண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அறிவித்தது வராது. பாட்டு முடிந்ததும் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்டாட்லரும் வால்டார்ஃபும் அடிக்கும் நக்கலும் போக வேண்டும், இல்லாவிட்டால் கிழவர்கள் இருவரும் வெறும் மேடையைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார்கள். அந்த நிகழ்ச்சியில் நிஜப் பார்வையாளர்கள் கிடையாது, சிரிப்பும் கைதட்டலும் பிறகு சேர்த்தவை. அவை பாட்டின் கடைசி சுரத்தின் மேலேயே ஏறி அடுத்த காட்சியின் முதல் வினாடி வரை வழியும். கைதட்டல் நடுவில் வெட்டினால் ஒலி விக்கல் எடுத்தது போலத் துள்ளும். கைதட்டல் முழுவதையும் விட்டுவைத்தால் அதனடியில் பாட்டின் கடைசி இழை கேட்கும். காதில் பட்டால் அதுவும் உரிமம் வேண்டிய பயன்பாடுதான்.

பாட்டு பின்னணியில் ஓடும் நிகழ்ச்சிகளில் மாற்றிவிடலாம். 1989-இல் வந்த 'தி சூப்பர் மாரியோ பிரதர்ஸ் சூப்பர் ஷோ' கார்ட்டூனில் துரத்தல் காட்சி வந்தால் பிரபல ராக் பாட்டு ஒன்றின் மறுபதிவு ஒலிக்கும். டிவிடியில் அந்த இடங்களில் உரிமைச் சிக்கல் இல்லாத வாத்திய இசைதான் இருக்கிறது. 1990-இல் அதன் அடுத்த தொடரில் மில்லி வனில்லி என்ற பாப் பாடகர் ஜோடியே பாத்திரங்களாக வரும் எபிசோட் ஒன்று உண்டு. வில்லனின் மகள் பாட்டுக்காகவே அவர்களைக் கடத்துகிறாள். டிவிடியில் அவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாட்டு இல்லை. நிஜ மில்லி வனில்லி மேடையில் வாய் மட்டுமே அசைத்தவர்கள் என்ற குட்டும் அதே 1990 நவம்பரில்தான் உடைந்தது. சரித்திரத்துக்குச் சில சமயம் நல்ல நகைச்சுவை உணர்வு இருக்கிறது.

மாற்றுவதும் சுலபமல்ல. வெளிநாட்டு டப்பிங்குக்காக வசனம் நீக்கி, இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள டிராக் ஒன்றைக் கம்பெனிகள் வைத்திருப்பது வழக்கம். அது இருந்தால் போதும் என்று வெளியிலிருந்து தோன்றும். இங்கே தேவைப்படுவது அதற்கு நேர்மாறு. இசை நீங்க வேண்டும், வசனமும் சத்தங்களும் நிற்க வேண்டும். வசனம், இசை, சத்தம் மூன்றையும் தனித்தனியாகச் சேமித்து வைத்திருந்தால் ஒரு மதிய நேர வேலை. எல்லாம் கலந்த ஒரே மோனோ டிராக் மட்டும் மிஞ்சியிருந்தால், குதிக்கும் ஒலி, கதவு சாத்தும் ஒலி எல்லாவற்றையும் புதிதாக உண்டாக்க வேண்டும். பாட்டின் மேல் ஒருவர் பேசியிருந்தால் அந்த வசனத்தையே இழக்க நேரிடும். பழைய கார்ட்டூன் டிவிடியில் திடீரென்று ஒரு காட்சி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தால், இல்லை பாட்டோடு சேர்ந்து காலடிச் சத்தமும் காணாமல் போனால், நடந்தது இதுதான்.

வெட்டு நடந்ததா என்று கண்டுபிடிக்க இன்னும் இரண்டு தடயம் உண்டு. ஒரே சீசனில் மற்ற எபிசோடுகளைவிட ஒன்று மட்டும் இரண்டு மூன்று நிமிடம் குட்டையாக இருந்தால் சந்தேகப்படலாம். மப்பெட் ஷோவில் இந்தச் சோதனையைக் கவனமாகச் செய்ய வேண்டும். பிரிட்டனில் விளம்பர நேரம் அமெரிக்காவைவிடக் குறைவு என்பதால் அங்கே ஒளிபரப்ப ஒவ்வொரு எபிசோடுக்கும் சுமார் இரண்டு நிமிடக் கூடுதல் உருப்படி ஒன்றை எடுத்தார்கள். அமெரிக்கப் பிரதியில் அது இல்லாதது வெட்டு அல்ல, அங்கே அது முதலிலிருந்தே இல்லை. இன்னொரு தடயம் முடிவு எழுத்துகள். காட்சி போயிருக்கும், பாட்டை எழுதியவர் பெயர் கடைசியில் ஓடிக்கொண்டிருக்கும்.

பிரிட்டனின் சிக்கல் வேறு விதம். பிபிசி போன்ற ஒளிபரப்பாளர்கள் இசை உரிமைச் சங்கங்களோடு மொத்த ஒப்பந்தம் வைத்திருப்பதால் ஒளிபரப்புக்கு ஏறக்குறைய எந்தப் பாட்டையும் தனியாகக் கேட்காமலே எடுத்துப் போடலாம். வீட்டு வீடியோவும் வெளிநாட்டு விற்பனையும் அந்தக் குடைக்கு வெளியே நனைந்துவிடும். பிபிசியின் காலப்பயணத் தொடர் 'டாக்டர் ஹூ'வின் 1965-ஆம் வருஷக் கதை 'தி சேஸ்'. அதில் காலத்தைக் காட்டும் ஒரு கருவியில் பீட்டில்ஸ் 'டிக்கெட் டு ரைட்' பாடுவது சில வினாடிகள் தெரியும். பிரிட்டன் டிவிடியில் அது இருக்கிறது, வட அமெரிக்க டிவிடியில் இல்லை. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தத் துண்டு 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்ற பிபிசி பாட்டு நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது. அந்த மூல டேப்பை பிபிசியே அழித்துவிட்டது. அன்றைய நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடியதற்கு எஞ்சியிருக்கும் ஒரே படச் சாட்சி, குழந்தைகளுக்கான அறிவியல் கதைக்குள் ஒட்டிக்கொண்ட அந்த சில வினாடிகள்தான். வட அமெரிக்கத் தட்டில் வெட்டியது அதைத்தான்.

இந்தத் தொல்லை அண்டாத நிகழ்ச்சிகளும் உண்டு. அதே ஜிம் ஹென்சன் 1983-ல் தொடங்கிய 'ஃப்ராகிள் ராக்'கில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலும் பில் பால்சமும் டென்னிஸ் லீயும் அந்த நிகழ்ச்சிக்கென்றே எழுதியவை. அதன் 96 எபிசோடுகளும் டிவிடியில் முழுசாக வந்துவிட்டன. இன்னும் முன்னால் போனால், வார்னர் பிரதர்ஸ் 1929-லேயே விட்மார்க், ஹார்ம்ஸ், ரெமிக் என்ற இசைப் பதிப்பு நிறுவனங்களை விலைக்கு வாங்கியது. பிறகு வந்த 'மெர்ரி மெலடீஸ்' கார்ட்டூன்களின் ஆரம்ப வேலையே அந்தச் சொந்தச் சரக்கைத் திரையில் பாடிக் காட்டி விற்பதுதான். எதிர் எல்லையில் நிற்பது 'மப்பெட் பேபீஸ்'. மப்பெட்டுகளைக் குழந்தைகளாகக் காட்டிய, 1984-ல் தொடங்கிய அந்தக் கார்ட்டூனில் அவர்களின் கற்பனைக் காட்சிகளுக்கு நிஜத் திரைப்படத் துண்டுகளை, 'ஸ்டார் வார்ஸ்' உட்பட, வெட்டி ஒட்டினார்கள். பாட்டு உரிமைக்கு மேல் படத் துண்டு உரிமையும் சேர்ந்துகொண்டதால் தொடர் முழுதாக ஒருபோதும் டிவிடிக்கு வரவில்லை.

மப்பெட் ஷோவுக்கே நான்காம், ஐந்தாம் சீசன் டிவிடி வரவே இல்லை. 2021 பிப்ரவரி 19 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் ஐந்து சீசனும் வந்தபோது அமெரிக்காவில் 120-ல் 118 எபிசோடுகள் இருந்தன. அப்போதும் சில பாட்டுகள் குறைந்திருந்தன. ஸ்ட்ரீமிங்கில் பிரதிக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கு இல்லாததால் வேலை கொஞ்சம் இலகுவாகிறது. ஒரு காலத்துக்கு ஒரு தொகை என்று பேசலாம். காலம் முடிந்ததும் மறுபடி பேச வேண்டும், ஒத்துவராவிட்டால் நேற்று இருந்த பாட்டு நாளைக்கு இருக்காது. அந்த விதத்தில் வெட்டுப்பட்ட டிவிடியே மேல். குறைந்தபட்சம் அது மேலும் தேயாது.

சில வெட்டுகளைக் காலமே சரிசெய்யும். அமெரிக்காவில் அந்தக் காலப் பாட்டுக்குக் காப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 95 வருஷம். 'ஸ்டார்மி வெதர்' 1933-ல் வந்தது, ஆகவே 2029 ஜனவரி 1 அன்று அது பொதுச் சொத்து. 1937-ல் வந்த 'கான் வித் த விண்ட்' பாட்டுக்கு 2033. 1971-ன் 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' 2067 வரை காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் கணக்கு வேறு, பொதுவாக எழுதியவர்களில் கடைசியாக இறந்தவருக்குப் பின் 70 வருஷம். 'ஸ்டார்மி வெதர்' வரிகளை எழுதிய டெட் கோஹ்லர் 1973-லும் இசையமைத்த ஹெரால்ட் ஆர்லன் 1986-லும் காலமானார்கள். அந்தக் கணக்குப்படி அங்கே அது 2057-ல்தான் விடுபடும். எல்ஸ்ட்ரீயில் எடுத்த காட்சியை 2029-லிருந்து அமெரிக்காவில் வெட்டாமல் விற்கலாம், எடுத்த ஊரிலேயே விற்க அதற்கு மேலும் 28 வருஷம் ஆகலாம்.